நெருப்பில்லா வெந்நீரும் நமது ஹயாவும்

விறகும் மின்சாரமும் இல்லாமல் ஒரு நகரத்து மக்கள் வெந்நீரில் குளிக்க முடியுமா? கோகேசிய மலைகளுக்குத் தெற்கேயுள்ள ஜோர்ஜியா நாட்டின் தலைநகர் திபிலீசியில் பல நூற்றாண்டுகளாக அப்படித்தான் குளிக்கிறார்கள். 'வெதுவெதுப்பு' என்ற பொருளுடைய ஜோர்ஜியச் சொல்லிலிருந்தே அந்நகரின் பெயரும் பிறந்தது. 5ஆம் நூற்றாண்டில் வக்தாங் கோர்கசாலி என்ற மன்னர் வேட்டைக்குப் போனபோது, அவரது வல்லூறு துரத்திய பறவை ஒரு வெந்நீர் ஊற்றில் விழுந்ததாம். அதைக் கண்ட மன்னர் அவ்விடத்திலேயே நகரை அமைத்தார் என்பது அங்குள்ளோர் சொல்லும் கதை.

இன்று மருத்துவம் கற்கவும் சுற்றுலாவுக்காகவும் தென்னாசியாவிலிருந்து பலர் ஜோர்ஜியா செல்கின்றனர். அங்கே செல்லும் ஒரு முஸ்லிம் பெண் இந்தக் கந்தகக் குளியலகங்களுக்குள் நுழையலாமா? நுழைவதானால் எப்படி? இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

முதலில் நீரைப் பற்றிப் பார்ப்போம். நிலத்துக்குள் ஆழமாக இறங்கும் மழைநீர், அங்குள்ள வெப்பத்தால் சூடாகிப் பாறை வெடிப்புகளின் வழியே மேலே வருகிறது. திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் இதே முறையில்தான் சூடாகின்றன. திபிலீசி நீரில் ஐதரசன் சல்பைட்டு வாயு கரைந்திருப்பதால் கூமுட்டை நாற்றம் வீசும். சிறிது நேரத்தில் மூக்கு அதற்குப் பழகிவிடும். ஆனால் வெள்ளி நகைகள் பழகிக்கொள்ளாது. அவை வெள்ளிச் சல்பைட்டாக மாறிக் கறுத்துவிடும் என்பது இரசாயனவியல் படிப்போருக்குத் தெரிந்ததே. எனவே நகைகளை முன்பே கழற்றிவிட வேண்டும்.

இந்நகருக்கும் முஸ்லிம்களுக்கும் நீண்ட உறவுண்டு. 8ஆம் நூற்றாண்டு முதல் 1122இல் நான்காம் டேவிட் மன்னர் கைப்பற்றும் வரை, திபிலீசி முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. நெருப்பின்றியே சூடாக இருக்கும் அதன் குளியல் நீரைப் பற்றி 10ஆம் நூற்றாண்டின் புவியியலறிஞர் இப்னு ஹவ்கல் எழுதியுள்ளார். இன்றும் குளியலகங்கள் நிறைந்த அபனோதுபானி பகுதியில் ஒரு ஜும்ஆப் பள்ளிவாசல் உண்டு. 1951இல் ஷீஆக்களின் பள்ளிவாசல் இடிக்கப்பட்ட பின், சுன்னிகளும் ஷீஆக்களும் அங்கே ஒன்றாகத் தொழுது வருகின்றனர்.

குளியலகங்கள் பாதி நிலத்துக்குள்ளும் பாதி வெளியிலுமாக இருக்கும். வெளியே தெரிவதெல்லாம் செங்கல் குவிமாடங்கள் மட்டுமே. அவற்றின் உச்சியிலுள்ள திறப்பு வெளிச்சத்தை உள்ளே விட்டு, நீராவியை வெளியே அனுப்புகிறது. சூடான தொட்டியில் உடல் ஊறிய பின், கல்மேடையில் படுக்கவைத்து 'கிசா' எனும் சொரசொரப்பான கையுறையால் தேய்ப்பார்கள். இறந்த தோல் திரிதிரியாக உதிரும். அடுத்து ஒரு துணிப்பையில் சவர்க்கார நுரையை நிரப்பி உடல்மேல் பிழிவார்கள்.

பொதுக் கூடங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. ஆயினும் ஒரே பாலார் முன்னிலையில் ஆடையின்றிக் குளிப்பதே அங்குள்ள வழக்கம். மகனுக்குப் பெண் தேடும் தாய்மார் முற்காலத்தில் இக்கூடங்களில்தான் பெண்களைப் பார்த்து எடைபோட்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. ஒரு பெண்ணின் உடலைச் சந்தைப் பொருள்போல் பார்ப்பதை எம்மால் ஏற்க முடியாது. ஹயா எதற்காக என்பதை அந்த வழக்கமே விளக்கிவிடுகிறது.

நம் அறிஞர்கள் ஹம்மாமை அடியோடு ஒதுக்கிவிடவில்லை. கி.பி. 1111இல் வபாத்தான இமாம் கஸ்ஸாலி, தமது இஹ்யா உலூமித்தீனில் குளியலக ஒழுக்கங்களை விளக்கியுள்ளார். அவ்ரத்தைப் பிறர் பார்வையிலிருந்து மட்டுமன்றி, பிறர் கைபடுவதிலிருந்தும் காக்க வேண்டும். பார்வையைத் தாழ்த்த வேண்டும். நீரை வீணாக்கக் கூடாது. அந்தச் சூடு நரகத்தின் சூட்டை நினைவூட்ட வேண்டும். இவை அவர் கூறும் ஒழுக்கங்களுள் சில.

ஷாபிஈ மத்ஹபின்படி, முஸ்லிம் பெண்கள் முன்னிலையில் ஒரு பெண் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைத்திருக்க வேண்டும். முஸ்லிமல்லாத பெண்கள் முன்னிலையில் இதைவிடக் கூடுதலாக மறைக்க வேண்டும் என்பதே அம்மத்ஹபின் வலுவான கருத்து. ஆகவே பொதுக் கூடம் நமக்கு ஏற்றதல்ல.

இதற்கு வழியும் அங்கேயே இருக்கிறது. உடைமாற்றும் அறையும் தொட்டியும் கல்மேடையும் கொண்ட தனியறைகளை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறார்கள். உம்மாவுடனோ சகோதரியுடனோ போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளலாம். அங்கும் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைத்துக்கொள்ள வேண்டும். தேய்ப்பதற்குப் பணியாளர் தேவையில்லை. ஒரு கிசாவை வாங்கி, உம்மாவின் முதுகை மகளும் மகளின் முதுகை உம்மாவும் தேய்த்துவிடலாம். கைத்தொலைபேசியைப் பைக்குள்ளேயே வைத்துவிட வேண்டும்.

இன்னும் சில குறிப்புகள்: நீரின் வெப்பநிலை சுமார் 40 பாகை செல்சியஸ் என்பதால் நீண்ட நேரம் மூழ்கியிருக்கக் கூடாது. இடையிடையே வெளியே வந்து தண்ணீர் குடிக்க வேண்டும். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரின் ஆலோசனையைப் பெற்ற பின்பே செல்ல வேண்டும். கந்தகம் கலந்த நீரில் கடமையான குளிப்பு நிறைவேறுமா என்று சிலர் ஐயப்படலாம். ஊறும் இடத்திலேயே இயல்பாகக் கந்தகம் கலந்த நீர், தூய்மையாக்கும் தன்மையை இழப்பதில்லை என்று பிக்ஹு நூல்கள் தெளிவாகக் கூறுகின்றன.

தெரியாத ஊரில் 'எல்லோரும் இப்படித்தான்' என்று யாராவது சொல்லும்போது தயங்கி நிற்பது இயல்பு. மார்க்கத்தின் எல்லையையும் அவ்வூரின் நடைமுறையையும் முன்பே அறிந்தவளுக்கு அந்தத் தயக்கம் இருக்காது. எதை ஏற்பது, எதை மறுப்பது என்று அவளே தீர்மானிப்பாள். மகளைத் தூரதேசம் அனுப்பும் பெற்றோர் அவளது பயணப்பெட்டியுடன் சேர்த்துக் கொடுத்தனுப்ப வேண்டியதும் இந்த அறிவைத்தான்.