சியோலைற்று வடிகட்டி கிணற்று நைத்திரேற்றை நீக்குமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் பற்றி நீண்டகாலமாகப் பேசப்படும் பிரச்சினைகளில் ஒன்று நைத்திரேற்று. தோட்டங்களுக்கு இடும் யூரியாவும், மலசலகூடக் குழிகளிலிருந்து கசிவதும் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியாக நிலத்தடி நீரைச் சென்றடைகின்றன. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொதிக்க வைத்தாலும் அது போகாது. நீர் ஆவியாக ஆவியாகச் செறிவு இன்னும் கூடும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் திறனை அது குறைத்துவிடும் என்பது இதற்கு முக்கிய காரணம்.

நீரைச் சுத்திகரிக்க மலிவான வழி தேடுவோருக்கு அடிக்கடி தட்டுப்படும் பெயர் சியோலைற்று. நல்ல கல்தான். ஆனால் நிலத்திலிருந்து வெட்டியெடுத்த நிலையில் அது நைத்திரேற்றைக் கிட்டத்தட்டப் பிடிப்பதே இல்லை. பிடிக்கவைக்க வேண்டுமானால் கல்லின் மேற்பரப்பை மாற்றவேண்டும்.

கொதிக்கும் கல்

1756 இல் சுவீடன் கனிமவியலாளர் அக்சல் குரொன்ஸ்டெட் ஒரு கனிமத்தைச் சூடாக்கியபோது அது கொதிப்பதுபோல் நுரைத்து நீராவியை வெளிவிட்டது. கிரேக்கத்தில் 'கொதிக்கும் கல்' என்ற பொருள்படும் பெயரை அவர் அதற்கு வைத்தார். சியோலைற்றுகளில் பல, எரிமலைச் சாம்பல் நீருடன் நெடுங்காலம் தாக்கமுற்று உருவானவை. அதிகம் கிடைப்பது கிளினோப்டிலோலைற்று என்ற வகை.

சிலிக்கன், அலுமினியம், ஒட்சிசன் அணுக்கள் கோத்த ஒரு கூடு என்று இதைச் சொல்லலாம். கூட்டின் துவாரங்கள் ஒரு நனோமீற்றரிலும் சிறியவை. சிலிக்கன் இருக்கவேண்டிய சில இடங்களில் அலுமினியம் அமர்ந்திருப்பதால் கூட்டுக்கு மறை ஏற்றம் கிடைக்கிறது. அதை ஈடுசெய்யச் சோடியம், கல்சியம் போன்ற நேர் அயன்கள் துவாரங்களில் தளர்வாக ஒட்டியிருக்கின்றன. நீரில் அமோனியமோ ஈயமோ வந்தால் அவை உள்ளே போக, சோடியம் வெளியே வரும். பிரித்தானியாவின் செலாபீல்ட் அணு வளாகத்தில் 1985 முதல் கதிரியக்கச் சீசியத்தையும் ஸ்ட்ரொன்சியத்தையும் நீரிலிருந்து பிடிப்பது இந்தக் கிளினோப்டிலோலைற்றுதான்.

நைத்திரேற்று மறை ஏற்றம் உள்ள அயன். அதே ஏற்றம் கொண்ட கல் அதைத் தள்ளிவிடுகிறது. குரோமேற்று, ஆசனேற்று ஆகியவற்றுக்கும் இதே கதிதான்.

கல்லை மாற்றும் முறைகள்

எளிய முறை உப்புநீரில் ஊறவைப்பது. கல்லில் உள்ள பல வகை அயன்களின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்ளும். சோடியம் இலகுவில் இடம் விடுவதால், அமோனியத்தையும் உலோகங்களையும் பிடிக்கும் திறன் கூடுகிறது. அமிலத்தில் கழுவினால் துவாரங்களை அடைத்த அழுக்கு நீங்கும். ஆனால் அமிலம் கடுமையானால் அலுமினியமும் கரைந்து, அயன்களைப் பிடிக்கும் இடங்களே குறைந்துவிடும். ஆசனிக்கை நீக்குவதற்கு இரும்பு ஒட்சைட்டைப் பூசுகிறார்கள்.

நைத்திரேற்றுக்கு உதவுவது இன்னொரு முறை. தலைமுடிக்கான கண்டிஷனர்களில் சேர்க்கப்படும் வகையைச் சேர்ந்த, சவர்க்காரம் போன்ற ஒரு சேர்வையில் கல்லை ஊறவைக்கிறார்கள். அதன் மூலக்கூறுக்கு நேர் ஏற்றமுள்ள தலையும், 16 காபன் அணுக்கள் நீளமான வாலும் உண்டு. துவாரத்துக்குள் நுழைய முடியாத அளவு பெரிது என்பதால் அது கல்லின் வெளிப்புறத்தில் தலையை ஒட்டி நிற்கும். போதிய அளவு சேர்த்தால், முதல் அடுக்கின் வால்களோடு இன்னொரு அடுக்கின் வால்கள் சேர்ந்துகொள்ளும். இரண்டாம் அடுக்கின் தலைகள் வெளிப்பக்கம் பார்க்கும். இப்போது கல்லின் மேற்பரப்பில் நேர் ஏற்றம். நைத்திரேற்று வந்து ஒட்டும். உள்துவாரங்கள் அப்படியே இருப்பதால் நேர் அயன்களையும் ஓரளவு பிடிக்கும்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ டெக் நிறுவனத்தில் ரொபர்ட் போமனும் சக ஆய்வாளர்களும் 1990களில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். குரோமேற்று கலந்த நிலத்தடி நீரின் பாதையில் இந்தக் கல்லை நிரப்பி மறிக்கும் முறையையும் பரீட்சித்தார்கள்.

எங்கே சிக்கல்?

முதலாவது, பூச்சு எல்லாம் உறுதியாக ஒட்டுவதில்லை. இரண்டாம் அடுக்கு மெல்லக் கழன்று நீரில் சேரலாம். அந்தச் சேர்வை நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. குடிநீருக்குப் பயன்படுத்துவதானால் இதைச் சோதித்தே ஆகவேண்டும்.

இரண்டாவது, நீரில் நைத்திரேற்று மட்டும் இருப்பதில்லை. கடல்நீர் ஊடுருவிய கிணறுகளில் குளோரைட்டு மிக அதிகம். அதுவும் அதே இடத்துக்குப் போட்டியிடும். ஆய்வுகூடத்தில் தனி நைத்திரேற்றுக் கரைசலில் கிடைத்த பெறுபேறு உவர்க் கிணற்றில் கிடைக்காது.

மூன்றாவது, கல் நிரம்பிவிடும். உப்புநீரால் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் கழுவிய நீரைக் கிணற்றடியில் ஊற்றினால், பிடித்த நைத்திரேற்று திரும்பவும் கிணற்றுக்கே போகும்.

ஆகவே சியோலைற்று வடிகட்டி என்று யாராவது விற்க வந்தால் சில கேள்விகளைக் கேளுங்கள். எந்த மாசை நீக்குவதற்கு? கல் எப்படி மாற்றப்பட்டது? எத்தனை லீற்றருக்குப் பிறகு மாற்றவேண்டும்? கழிவை எங்கே விடுவது? அதற்கும் முதல், உங்கள் கிணற்று நீரை ஓர் ஆய்வுகூடத்தில் கொடுத்து நைத்திரேற்று, குளோரைட்டு இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதைத் தள்ளிப்போடவேண்டாம்.