பக்கவாதம் வந்து வருஷங்கள் ஆன பிறகும் வலியா?



வாதம் அடித்து ஆறு வருஷம் ஆன ஒரு பெரியவரை ஒரு கிராமத்தில் சந்தித்தேன். இடது கையும் காலும் விழுந்தவர். தடி ஊன்றி வாசல் வரை வருவார். "கையில மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரியுது சார். பச்சைத் தண்ணி பட்டாக்கூட சுடுது" என்றார். அவர் சம்சாரமோ, "அந்தக் கையில கிள்ளினாலே தெரியாது சார். அதுல எப்படி எரியும்? நாங்க பக்கத்துலயே உக்காரணும்னு சொல்றாரு" என்றார்.

அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். மரத்துப்போன கையும் எரியும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கோளாறு கையில் இல்லை, மூளையில் இருக்கிறது. உணர்ச்சிகளை வாங்கி அனுப்பும் பாதை பழுதானதால், குளிர்ச்சியும் லேசான தொடுதலும்கூட எரிச்சலாகத் தெரிகின்றன. வாதம் வந்து சில மாதம் கழித்தும் இது தொடங்கலாம். 1906-லேயே பிரெஞ்சு டாக்டர்கள் இருவர் இந்த வலியை விவரித்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே இது வேஷம் அல்ல.

கடையில் வாங்கும் சாதாரண வலி மாத்திரைக்கு இந்த எரிச்சல் பெரும்பாலும் கேட்பதில்லை. அதையே நாள்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப்புண் வரும், சிறுநீரகம் கெடும், இரத்தக்கொதிப்பு ஏறும். கொதிப்பு ஏறினால் இன்னொரு வாதத்துக்கு வழி. நரம்பு வலிக்கென்று அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற மருந்துகள் தனியே உண்டு. டாக்டர் சிறிய அளவில் தொடங்கிக் கூட்டுவார். பலன் தெரியச் சில வாரம் ஆகும். வலி அடியோடு போகாவிட்டாலும் பலருக்கு ராத்தூக்கம் திரும்புகிறது. இருதய வியாதி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தோள்பட்டை வலி வேறு வகை. இதில் நம் பங்கும் உண்டு. தசை தளர்ந்ததால் கையின் பாரமே மூட்டைக் கீழே இழுக்கிறது. நாமோ அந்தக் கையைப் பிடித்தே தூக்கி உட்கார வைக்கிறோம்! அந்தக் கையை ஒருபோதும் இழுக்கக் கூடாது. இடுப்பிலும் முதுகிலும் கை கொடுத்துத் தூக்குங்கள். உட்காரும்போது முழங்கைக்குக் கீழே தலையணை வையுங்கள். உத்தரத்தில் கயிறு கட்டி, நல்ல கையால் கெட்ட கையை மேலே இழுக்கும் பயிற்சி வேண்டாம். மூட்டு இன்னும் புண்ணாகும்.

விரல்கள் மடங்கி இறுகினால் தினமும் மெதுவாக நீட்டிவிட்டு, உள்ளங்கையைக் கழுவித் துடையுங்கள். இறுக்கம் தளர மாத்திரையும் ஊசியும் உண்டு. ஊசியின் பலன் சுமார் மூன்று மாதம். திடீரென இறுக்கம் கூடினால் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, படுக்கைப்புண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாயால் சொல்லத் தெரியாதவருக்கு உடம்பு இப்படித்தான் சொல்லும்.

மரத்த இடத்தில் உப்பு ஒத்தடம், வெந்நீர்ப் பை கூடவே கூடாது. தோல் வெந்து கொப்பளித்தாலும் அவருக்குத் தெரியாது. அந்தப் பெரியவருக்கு வெதுவெதுப்பான தண்ணீரே ஒத்துவந்தது.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வந்து பயிற்சி தருவதும் அடங்கும். உங்கள் துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் பெயர் கொடுங்கள். ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சான்றிதழுக்கும் மனுச் செய்யலாம். டாக்டரைப் பார்க்கப் போகும்போது, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கடையில் கேட்டு வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.