நான்கு நிறத்தில் ஒரு சேவல்

பிக்சல் ஓவியத்துக்கு முன்னோடி யார் என்றால் எல்லோரும் ஜப்பானைச் சொல்வார்கள். நான் சிவகாசியையும் சேர்த்துக்கொள்வேன்.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்று 1923-இல் ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்ததும் லேபிள் தேவைப்பட்டது, அச்சகங்கள் முளைத்தன. லித்தோ அச்சில் நிறத்துக்கு ஒரு தகடு, நிறத்துக்கு ஒரு ஓட்டம். நிறம் கூடினால் செலவும் கூடும். அதனால் லேபிள் வரைபவர் சில நிறங்களிலேயே புலியையும் மயிலையும் பெட்டிக்கடையில் தூரத்திலிருந்தே தெரிய வைத்தாக வேண்டியிருந்தது.

1983-இல் வந்த நிண்டெண்டோவின் ஃபாமிகாம் என்ற வீடியோ கேம் கருவியிலும் இதே நெருக்கடிதான். திரையில் நகரும் உருவத்தின் ஒரு துண்டுக்கு மூன்றே நிறம். அதற்கு முன்பே பிறந்த நிண்டெண்டோவின் விளையாட்டு நாயகன் மரியோவுக்கும் இதே கதைதான்: தொப்பி வந்தது தலைமுடி வரையும் தொல்லையைத் தவிர்க்க. மீசை வந்தது மூக்கு எடுப்பாகத் தெரிய.

பட்டாசுக் கட்டில் பார்த்திருப்பீர்களே, அதுபோல ஒரு சேவலை வரைவோம். கொண்டை சிவப்பு. நிழலுக்கு அந்தச் சிவப்பில் கருப்பைக் கலப்பதுதான் புதியவர்கள் செய்வது. கொண்டை அழுக்கேறியதுபோல் ஆகிவிடும். நிழலைக் கொஞ்சம் ஊதா பக்கம் தள்ளுங்கள், வெளிச்சத்தை ஆரஞ்சு பக்கம். வெயில் மஞ்சள், நிழலில் வானத்தின் நீலம் விழும். கண் அதற்குப் பழகியிருக்கிறது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். விளிம்பைச் சுற்றிலும் ஒரே மாதிரி கருக்கினால் சேவல் உப்பிப்போகும்.

நிறத்தில் சிக்கனமும் வேண்டும். கொண்டையின் நிழல் நிறமே வாலிறகுக்கும் ஆகலாம்.

இரண்டு நிறப் புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்தால் தூரத்தில் மூன்றாவது நிறமாகத் தெரியும். சிவகாசிக் காலண்டரை லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிவதும் நான்கே மையின் புள்ளிகள்தான். ஆனால் காலண்டர் சாமி அசைவதில்லை. ஓடும் சேவலில் இந்த வித்தை மினுமினுத்துக் கண்ணை உறுத்தும். பின்னணி மலைக்கும் வானத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்கெல் என்ற இலவசச் செயலி உலாவியிலேயே ஓடும். 16×16 கட்டத்தில், நான்கு நிறத்தில் தொடங்குங்கள். முடித்ததும் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். கொண்டையும் கழுத்தும் ஒன்றாகக் கலந்து தெரிந்தால், கோட்டைத் தொடாதீர்கள், நிறத்தை மாற்றுங்கள்.