கொலாஜனும் கூந்தலும்

அண்மைக் காலமாக அழகுப்பொருள் விற்போர் வாயில் 'கொலாஜன்' என்னும் சொல் பெரிதும் வழங்கி வருகின்றது. கல்முனை தொடங்கிச் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஊடாக அக்கரைப்பற்று வரை செல்லும் நம் கரையோர நெடுஞ்சாலையின் கடைகளிலும் அது தூளாகவும், வில்லையாகவும், தலை கழுவும் திரவமாகவும் வந்து சேர்ந்துள்ளது. அதனை உண்டால் மயிர் உதிர்தல் நின்று கூந்தல் அடர்ந்து வளரும் என்பது விற்போர் கூற்று. விலையோ சிறிதன்று. தறியிலும் வயலிலும் கடையிலும் உழைத்துத் தேடிய பணத்தை மாதந்தோறும் இதற்கெனச் செலவிடும் குடும்பங்கள் உள. ஆதலின், கொலாஜன் என்பது யாது, மயிர் என்பது யாது, இவ்விரண்டிற்கும் உள்ள உறவு எத்தன்மையது என்பவற்றை ஆராய்தல் பழைய மாணவர்க்கும் இன்று பயிலும் மாணவர்க்கும் ஒருங்கே பயன்படும் எனக் கருதி இக்கட்டுரையை எழுதலுற்றோம்.

முதற்கண் சொல்லின் பொருளை நோக்குவோம். கிரேக்க மொழியில் 'கொல்லா' என்றால் பசை. பசையைப் பிறப்பிப்பது எதுவோ அது கொலாஜன். தோலையும் என்பையும் நீரிலிட்டு நெடுநேரம் காய்ச்சினால் ஒட்டும் பசை கிடைக்கும் என்பதை நம் தச்சர்களும் நன்கு அறிந்திருந்தனர். மரத்தோடு மரம் பொருத்துதற்கு அவர் உருக்கி வார்த்த வச்சிரம் என்னும் பசை இதுவே. ஆகவே பொருள் நமக்குப் புதியதன்று, பெயரே புதியது. அதே பசையைத் தூய்மை செய்து உணவுக்கேற்றவாறு ஆக்கினால் அது ஜெலற்றின் எனப்படும். ஜெலற்றினை நொதியங்களால் மேலும் சிறு துண்டுகளாக வெட்டினால் இன்று பொதியிலிட்டு விற்கப்படும் கொலாஜன் தூள் கிடைக்கும்.

உடம்பிலுள்ள புரதங்களுள் அளவால் மிக்கது கொலாஜன். மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுவே எனலாம். என்பு, கசியிழையம், தசைநாண், குருதிக்கலச் சுவர், உட்டோல் என எங்கெங்கு இழுவிசையைத் தாங்க வேண்டுமோ அங்கெல்லாம் அது கயிறு போல நின்று தாங்குகின்றது. கயிறு என்பது வெறும் உவமையன்று. அதன் மூலக்கூறு உண்மையிலேயே மூன்று இழைகள் முறுக்கிய ஒரு கயிறாகும். ஒவ்வோர் இழையிலும் ஏறத்தாழ 1000 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும், யாவற்றினும் சிறியதாகிய கிளைசீன் அமர்ந்திருக்கின்றது. மூவிழைகளும் நெருங்கி முறுக்குண்ணும் நடுவிடம் மிக ஒடுங்கியது. கிளைசீன் ஒன்றற்கே அங்கு இடமுண்டு.

இவ்வமைப்பைக் கண்டறிந்த வரலாறு தமிழ்நாட்டில் நிகழ்ந்தது என்பதை நம் மாணவருட் பலர் அறியார். 1952 இல் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகவியற் றுறையின் தலைமையை ஏற்ற ஜி. என். இராமச்சந்திரன் அப்போது முப்பது வயதினர். சென்னைக்கு வந்த அறிஞர் ஜே. டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீர்க்கப்படாத புதிர் என அவரிடம் கூறினார். அருகில் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் பதனிடுதல் என்பது கொலாஜனை அழியாமற் காக்கும் தொழிலேயாதலின், வேண்டிய பொருளும் அத்துறை அறிவும் அங்குக் கிடைத்தன. கங்காருவின் வாற்றசைநாணிலிருந்து பெற்ற கொலாஜன் எக்சுக்கதிர்ப் படத்திற்கு மிகவும் ஏற்றதாக அமைந்தது. இராமச்சந்திரனும் அவர்தம் ஆய்வுத் துணைவர் கோபிநாத் கர்த்தாவும் மூவிழை அமைப்பை 1954 ஆகத்து மாதம் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில், மூவிழைகளும் ஒன்றையொன்று சுற்றிச் செல்லும் திருத்திய வடிவத்தை வெளியிட்டனர்.

அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று பிரான்சிசு கிரிக், அலெக்சாந்தர் இரிச்சு ஆகியோர் அதனைக் குறை கூறினர். இராமச்சந்திரன் சினக்கவில்லை. அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பதையே முறையாக ஆராயத் தொடங்கினார். அவ்வாராய்ச்சியின் விளைவாக 1963 இல் இராமகிருட்டிணன், சசிசேகரன் என்னும் இருவருடன் அவர் வெளியிட்ட வரைபடம், இன்றும் உலகெங்கும் புரத அமைப்புக்களைச் சரிபார்க்கும் உரைகல்லாக விளங்குகின்றது. குறைந்த கருவிகளுடன் பெரிய வினாவொன்றைப் பற்றிக்கொள்ளலாம் என்பதற்கு இதனினும் நல்ல சான்றை நம் ஆசிரியர்கள் வகுப்பறையிற் காட்டுதல் அரிது.

இனி மயிருக்கு வருவோம். மயிர் கொலாஜனால் ஆயதன்று. அது கெரற்றின் என்னும் வேறொரு புரதத்தால் ஆயது. கெரற்றினின் உறுதிக்குக் காரணம் சிசுற்றீன் என்னும் கந்தகம் செறிந்த அமினோ அமிலம். ஒரு மயிரைத் தீயிலிட்டால் எழும் நாற்றம் அக்கந்தகத்தின் சான்று. கொலாஜனிலோ, தோலிலும் என்பிலும் மிக்குள்ள முதலாம் வகையின் மூவிழைப் பகுதியில் சிசுற்றீன் அறவே இல்லை. திரித்தோபன் என்னும் இன்றியமையாத அமினோ அமிலமும் இல்லை. எனவே, மயிர் கட்டுதற்கு வேண்டிய செங்கல் எதுவோ அதுவே இல்லாத வண்டியை வாங்கி வாயிலில் நிறுத்துவது போன்றது கொலாஜனை மயிருக்கென உண்பது. இரண்டு முட்டைகளில் அச்சரக்கு அதனினும் மிகுதி.

உண்ட கொலாஜன் கொலாஜனாகவே தோலுக்குச் செல்லும் என எண்ணுதலும் பொருந்தாது. இரைப்பையிலும் சிறுகுடலிலும் அது அமினோ அமிலங்களாகவும் இரண்டு மூன்று இணைந்த சிறு துண்டுகளாகவும் உடைகின்றது. சில துண்டுகள் குருதியிற் காணப்படுவது உண்மையே. ஆயினும் அவை தலைக்குச் செல்ல வேண்டுமென்று உடம்புக்கு ஆணையிடுவார் எவருமிலர். தலையிற் பூசும் கொலாஜனின் நிலை இதனினும் எளிது. மூலக்கூற்றின் நீளம் ஏறக்குறைய 300 நனோமீற்றர். அது தோலைக் கடந்து வேருக்குச் செல்லாது. மயிரின் புறத்தே மெல்லியதொரு படலமாகப் படிந்து சற்றே மினுக்குத் தரும், அவ்வளவே. இத்தொழிலுக்குத் தேங்காயெண்ணெயே போதும். கழுவும்போது மயிர் இழக்கும் புரதத்தை அவ்வெண்ணெய் குறைக்கின்றதென மும்பை ஆய்வொன்று 2003 இல் காட்டியுள்ளது.

பசையை உண்டு வலிமை பெறலாம் என்னும் எண்ணம் இன்று தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரிசு நகர வைத்தியசாலைகளில் ஏழை நோயாளர்க்கு என்பிலிருந்து எடுத்த ஜெலற்றின் கஞ்சி இறைச்சிக்கு ஈடாக வழங்கப்பட்டது. அரசுக்குச் செலவு குறைந்தது. உண்டவர்க்கோ ஊட்டம் கிடைக்கவில்லை. பிரெஞ்சு அறிவியற் கழகம் அமைத்த குழு மஜாந்தி என்பாரின் தலைமையில் நாய்களை வைத்து ஆராய்ந்து, ஜெலற்றின் மட்டும் உண்ட உயிர் மெலிந்து போகும் என 1841 இல் அறிக்கை தந்தது. அன்று ஏழைக்கு மலிவாக ஊட்டப்பட்ட அதே பண்டம் இன்று உயர்ந்த விலைக்கு விற்கப்படுவது விந்தையே.

அவ்வாறாயின் கொலாஜனுக்கும் மயிருக்கும் உறவே இல்லையோ எனின், உண்டு. மயிர் நிற்கும் நிலம் கொலாஜனால் ஆயது. உட்டோலில் ஆழ்ந்திருக்கும் மயிர்ப்புடைப்பைச் சூழ்ந்து தாங்குவதும், அதற்குக் குருதி கொணரும் நுண்கலங்களின் சுவரை உறுதிப்படுத்துவதும் அதுவே. விற்றமின் சி இல்லையேல் உடம்பு உறுதியான கொலாஜனை முறுக்க இயலாது. அதனாலேயே பழங்காலக் கப்பலோட்டிகளுக்கு நேர்ந்த சுகேவி என்னும் நோயில் மயிர்க்கால்களைச் சுற்றிக் குருதி கசிந்தது. மயிரும் திருகுசுருளாய் வளைந்தது. 1747 இல் ஜேம்சு லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர் 12 நோயாளர்க்கு இருவரிருவராக வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்க்க, தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். அவர்க்கு யாரும் கொலாஜன் ஊட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு செய்தி மேலும் நுட்பமானது. இதுவரை அறியப்பட்டுள்ள 28 வகைக் கொலாஜன்களுள் பதினேழாம் வகை, மயிரைப் பிறப்பிக்கும் மூலக்கலங்களை அவற்றின் இடத்தில் நங்கூரமிட்டு நிறுத்துகின்றது. வயது முதிர அந்நங்கூரம் சிதைகின்றது, கலங்கள் தம் இடம் விட்டு மேற்றோற் கலங்களாய் மாறி உதிர்கின்றன, மயிர்ப்புடைப்பும் சுருங்குகின்றது. இதனை யப்பானிய ஆய்வாளர்கள் எலிகளிற் கண்டு 2016 இல் 'சயன்சு' இதழில் வெளியிட்டனர். அக்கொலாஜன் மிகுமாறு செய்த எலிகளில் முதுமை மயிரிழப்புக் குறைந்தது. ஆயின் அது கலம் தானே தன் மென்சவ்விற் படைத்துக்கொள்வது. மாட்டுத்தோலிலிருந்தோ மீன் செதிலிலிருந்தோ எடுத்த தூளை உண்பதால் வருவதன்று. விளம்பரக்காரர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவர்.

தூளால் மயிர் வளரும் என்பதற்குச் சான்று உண்டா எனின், உள்ளவை பெரும்பாலும் சிறு ஆய்வுகள். வேறு சத்துக்களும் கலந்த கலவைகளைக் கொண்டு நடத்தியவை. தோற் சுருக்கம் பற்றிய ஆய்வுகள் இதனின் மிகுதி. அவற்றுள் 23 ஐ ஒருங்கு நோக்கிய தொகுப்பாய்வொன்று 2025 இல் வெளிவந்தது. உற்பத்தித் துறையினர் பணம் பெறாது நடந்த ஆய்வுகளிற் பயன் காணப்படவில்லை என்பது அதன் முடிவு.

"என் மகளுக்கு இதனால் மயிர் உதிர்வு நின்றதே" என்பார் பலர். அவர் பொய் சொல்லவில்லை. தலையிலுள்ள ஏறத்தாழ 1,00,000 மயிர்களும் ஈராண்டு முதல் ஆறாண்டு வரை வளர்ந்து, பின் மூன்று மாதம் ஓய்ந்து உதிர்வன. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்தல் இயல்பே. டெங்குக் காய்ச்சல், பிள்ளைப்பேறு, அறுவைச் சிகிச்சை, கடும் பட்டினி ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தால் பெருந்தொகை மயிர் ஒருங்கே ஓய்வுக்குச் சென்று, இரண்டு மூன்று மாதங்களின் பின் கொத்துக் கொத்தாய் விழும். காய்ச்சல் மறந்துபோன வேளையில் இது நேர்வதால் காரணம் புலனாவதில்லை. பெரும்பாலும் ஆறு மாதத்திற்குள் உதிர்தல் தானே அடங்கி மயிர் மீளவும் முளைக்கும். அந்த இடைக்காலத்தில் எத்தூளை உண்டாலும் அத்தூளுக்கே புகழ் சேரும்.

புகழ் எவர்க்குச் சேர்ந்தாலும் கேடில்லை, காரணம் வேறாக இல்லாதவரை. மாதவிடாயிற் குருதி மிகப் போக்கி, படியேறினால் மூச்சு வாங்கி, முகம் வெளிறிய பெண்ணொருத்திக்கு மயிர் உதிர்வது இரும்புக் குறைவின் அறிகுறியாகலாம். தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறும் அவ்வாறே காட்டும். கொலாஜன் தூளில் இரும்பு இல்லை. அதை நம்பி ஓராண்டு கழித்தால் குருதிச்சோகை ஓராண்டு முற்றும். அன்றியும், இத்தூள்கள் பலவற்றில் பயோற்றின் என்னும் விற்றமினைப் பேரளவிற் கலக்கின்றனர். அது சில குருதிச் சோதனைகளின் முடிவைப் பிறழச் செய்யும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017 இல் எச்சரித்தது. தைரொயிட்டுச் சோதனையும் அவற்றுள் அடங்கும். தூளை உண்பவர் அதனை வைத்தியரிடம் மறையாது கூறுதல் வேண்டும்.

நம் பகுதிக்குரிய வேறொரு வினாவும் உண்டு. உலகில் ஜெலற்றினும் கொலாஜனும் பெரும்பாலும் பன்றித்தோலிலிருந்தும் மாட்டின் தோல் என்புகளிலிருந்துமே எடுக்கப்படுகின்றன. மீனிலிருந்து எடுப்பது சிறு பங்கே. பொதியில் விலங்கின் பெயர் குறிக்கப்படாவிடின், ஹலால் பேணும் கல்முனை முஸ்லிம் நண்பரும் மாட்டிறைச்சி விலக்கிய காரைதீவு இந்துவும் ஒரே ஐயத்துடன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்க நேரும். நோன்புக் காலத்தில் நம் அயலவர் இல்லங்களிலிருந்து அன்போடு வரும் கடற்பாசி இனிப்பில் இவ்வையத்திற்கு இடமில்லை. அது கடற்றாவரத்தின் மாச்சத்தால் உறைவது. கொலாஜன் அதில் துளியும் இல்லை. நாவுக்கு இரண்டும் ஒன்று போலத் தோன்றினும், ஒன்று புரதம், மற்றது புரதமன்று.

மயிருக்கென ஏதேனும் வாங்கியே ஆக வேண்டும் என்பார்க்கு, நம் கரையில் இறங்கும் சூடையும் கீரியும் நெத்தலியும் உள்ளன. மீனுண்ணாதார்க்குப் பயறும் கௌபியும் எருமைத் தயிரும் உள்ளன. கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பு எளிதில் உடம்பிற் சேராது. உடன் தேசிக்காய்ச் சாறோ நெல்லியோ கொய்யாவோ உண்டால் நன்கு சேரும். சோறுண்ட கையோடு தேநீர் பருகும் நம் வழக்கம் அதனைத் தடுக்கும். ஒரு மணி நேரம் பொறுத்துப் பருகலாம். ஆறு மாதம் கடந்தும் உதிர்வு நில்லாவிடின், அல்லது தலையில் வட்டமான வெறுமை தோன்றின், அரச வைத்தியசாலைக்குச் சென்று ஈமோகுளோபினும், இரும்பின் இருப்பைக் காட்டும் பெரிற்றினும், தைரொயிட்டுச் சுரப்பும் சோதிக்க வேண்டுமா என வைத்தியரைக் கேட்டல் வேண்டும். தந்தைவழி, தாய்வழி வரும் வழுக்கைக்கு மினொக்சிடில் முதலிய சோதித்த மருந்துகள் உள்ளன. அவற்றையும் வைத்தியர் சொல்லிய பின்னரே தொடங்குக.