தேயிலையைக் காக்கும் குளவி

குளவி என்றதும் அதன் கொட்டும் கடுப்பும்தான் எமக்கு நினைவுக்கு வரும். கொழுந்து பறிப்போரைக் குளவிகள் தாக்கிய செய்திகளையும் அடிக்கடி கேட்கிறோம். எனினும் அதே தேயிலைத் தோட்டங்களைப் பாதுகாக்கும் வேறொரு குளவியும் உண்டு. மெல்லிய உடலைக் கொண்ட இச்சிறு பூச்சி எம்மைத் தேடி வந்து கொட்டுவதில்லை.

தேயிலைக்குப் பெரும் சேதம் விளைவிக்கும் பீடைகளுள் ஒன்று இலைச்சுருட்டிப் புழு. இது ஓர் அந்துப்பூச்சியின் குடம்பியாகும். இலைகளை நூலால் பிணைத்துக் கூடாக்கி, உள்ளே மறைந்திருந்து தின்னும். இதனைக் கட்டுப்படுத்துவதற்காக 1935-36 காலப்பகுதியில் ஜாவாவிலிருந்து 'மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே' என்னும் ஒட்டுண்ணிக் குளவி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது.

பெண் குளவி, இளம் புழுவைத் தேடிச்சென்று அதன் உடலினுள் முட்டையிடும். இங்கேதான் விந்தை நிகழ்கிறது. ஒரே முட்டை பலவாகப் பிரிந்து, பல குளவிக் குடம்பிகளாக வளர்கின்றது. அவை புழுவை உள்ளிருந்தே உண்டு, வளர்ந்ததும் வெளியே வந்து கூடு கட்டுகின்றன. புழு இறந்துவிடுகிறது. பேன், உண்ணி போன்றவை தம்மைச் சுமக்கும் உயிரைப் பொதுவாகக் கொல்வதில்லை. இக்குளவியோ கொன்றுவிடுகிறது. அதனாலேயே இது பயிருக்கு நண்பன்.

குளவி நிலைபெற்றதும் புழுவின் தொல்லை குறைந்தது. ஆனால் 1950களில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டை அழிக்க 'டீல்ட்ரின்' என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. அதனால் குளவிகளும் மடிந்தன. எதிரி இல்லாத இலைச்சுருட்டிப் புழு மீண்டும் பெருகியது. ஒரு பீடைக்குத் தெளித்த மருந்து, மற்றொரு பீடைக்கு வழி திறந்துவிட்டது.

இந்தப் பாடம் எமது வீட்டுத்தோட்டத்துக்கும் பொருந்தும். புழுவொன்றின் முதுகிலோ அருகிலோ அரிசிமணி போன்ற சின்னஞ்சிறு வெண்கூடுகளைக் கண்டால் அதனை நசுக்காதீர்கள். அவை அப்புழுவின் முட்டைகளல்ல. பெரும்பாலும் ஒட்டுண்ணிக் குளவிகளின் கூடுகளே. அவற்றிலிருந்து வெளிவரும் குளவிகள் அடுத்த புழுக்களைத் தேடிச் செல்லும். ஓரிரு புழுக்களைக் கண்டவுடன் பீடைநாசினியை எடுக்காமல், கையால் பொறுக்கி அகற்றுவதே நல்லது.

அல்லாஹ் படைத்த சிற்றுயிர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பணியுண்டு. அதை அறியுமுன் அழித்துவிட்டால் இழப்பு எமக்கே.