பல்பு மேல பழி போடாதீங்க: பழைய புல்லட்டின் கரன்ட் கணக்கு

பழைய வண்டி வச்சிருக்கிறவங்க என்கிட்ட அதிகமா கேட்கிற கேள்வி, "ப்ரோ, புல்லட்டுக்கு எந்த எல்.இ.டி. பல்பு போடலாம்?" என் பதில் கொஞ்சம் கடுப்பாத்தான் இருக்கும்: முதல்ல ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க. கோடு ஸ்லோவா ஓடுதுன்னா எடுத்த எடுப்புல பெரிய சர்வர் வாங்க மாட்டோம்ல? நேரம் எங்க போகுதுன்னு பார்ப்போம். இங்கே வோல்ட் எங்க போகுதுன்னு பார்க்கணும், அவ்ளோதான்.

எங்க மாமாகிட்ட எழுபதுகள்ல வந்த 6 வோல்ட் புல்லட் இருக்கு. ஆனைமலை பக்கம், விடியற்காலை நாலரை மணிக்கு பால் சொசைட்டிக்குப் போற வண்டி. ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, தெருவிளக்கு கிடையாது. வளைவுல ஸ்பீடைக் குறைச்சா லைட்டும் சேர்ந்து மங்கும். அதாவது வெளிச்சம் ரொம்ப தேவைப்படுற இடத்துலதான் வெளிச்சம் போகும். "பவரான பல்பா ஒண்ணு வாங்கிட்டு வா மாப்ள"ன்னு மாமா சொன்னார். நான் மீட்டரோட போனேன்.

இந்த வண்டிக்குள்ள கரன்ட் எப்படி வருது? கிராங்க் முனையில காந்தம் பதிச்ச ரோட்டார் சுத்துது. அதைச் சுத்தி ஸ்டேட்டர் காயில்கள். அதுல வர்ற ஏ.சி.யை ரெக்டிஃபயர் டி.சி.யா மாத்தி பேட்டரிக்கு அனுப்புது. அந்தக் காலத்து 6 வோல்ட் அமைப்புல ரெகுலேட்டர்னு தனியா எதுவும் இல்லை. பகல்ல சில காயில் மட்டும் வேலை செய்யும், ஹெட்லைட் போட்டா ஸ்விட்ச் மீதி காயிலையும் சேர்த்துவிடும். மிஞ்சுற கரன்ட்டை பேட்டரியே தாங்கிக்கணும். அதனாலதான் அந்தத் தலைமுறை ஆளுங்க டிஸ்டில்டு வாட்டர் கேனோடவே அலைஞ்சாங்க!

சரி, மீட்டர் என்ன சொல்லுச்சு? லைட்டைப் போட்டுட்டு, மீட்டரோட ஒரு முனையை பேட்டரியோட லைவ் டெர்மினல்லயும், இன்னொரு முனையை பல்பு ஹோல்டர்ல வயர் வந்து சேர்ற இடத்துலயும் வச்சேன். 0.8 வோல்ட். வழியிலேயே காணாமப் போன வோல்ட் அது. அடுத்து பல்போட எர்த்துக்கும் பேட்டரியோட எர்த்துக்கும் நடுவுல வச்சேன், 0.4. மொத்தம் 1.2. 6 வோல்ட்ல அது அஞ்சுல ஒரு பங்கு. "இருபது பெர்சென்ட்தானே"ன்னு தோணும். ஆனா இழை பல்புல வெளிச்சம் வோல்ட்டுக்கு நேர் விகிதத்துல குறையாது. தோராயமா வோல்ட்டோட 3.4 மடங்கு அடுக்கா சரியும். 0.8-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்திப் பாருங்க, 0.47. வெளிச்சத்துல பாதிக்கு மேல வயர்லயே போயிடுச்சு. இதுல பல்பு என்ன தப்பு பண்ணுச்சு?

திருடன் ஒரே இடத்துல இல்லை. ஹெட்லைட் கரன்ட் இக்னிஷன் ஸ்விட்ச், லைட் ஸ்விட்ச், டிம்மர், நாலஞ்சு புல்லட் கனெக்டர்னு ஒவ்வொரு வாசலா ஏறி இறங்கித்தான் பல்புக்கு வருது. ஒவ்வொண்ணுலயும் பச்சை பூத்த பித்தளை. ரீஸ்டோர் பண்ண வண்டிகள்ல இன்னொரு கொடுமை இருக்கு. ஃப்ரேமுக்கு பவுடர் கோட்டிங் அடிச்சு பளபளன்னு வச்சிருப்பாங்க. பெயின்ட் கரன்ட் கடத்தாது, எர்த் போல்ட் சும்மா அழகுக்கு உட்கார்ந்திருக்கும். மாமா வண்டியில எல்லா கனெக்டரையும் சுரண்டி, ஹெட்லைட்ல இருந்து பேட்டரிக்குத் தனியா ஒரு எர்த் வயர் இழுத்தோம். 1.2 வோல்ட் இழப்பு 0.3-க்கு இறங்கிடுச்சு. செலவு? உப்புத்தாளும் ரெண்டு மீட்டர் வயரும்.

இதுக்கு அப்புறம்தான் 12 வோல்ட் பத்திப் பேசணும். அதே 36 வாட் பல்புக்கு 6 வோல்ட்ல 6 ஆம்பியர் வேணும், 12-ல 3 போதும். அதே வயர்ல இழப்பு பாதியாகும், மொத்தத்துல அதோட பங்கு கால்வாசியாகும். பல பேருக்குத் தெரியாத நல்ல செய்தி: ஸ்டேட்டரை மாத்தத் தேவையில்லை. இந்த வகை ஆல்டர்னேட்டர் கிட்டத்தட்ட மாறாத கரன்ட் தர்ற ஆளு. எல்லா காயிலையும் ஒண்ணா சேர்த்து 12 வோல்ட் ரெகுலேட்டர்-ரெக்டிஃபயர் போட்டா, அதே ஆம்பியர் இரட்டை வோல்ட்ல வரும், அப்போ வாட்டும் ஏறத்தாழ இரட்டிப்பு. ஆனா சும்மா வராது. ஐடில்ல 12 வோல்ட்டை எட்டாது, கொஞ்சம் ரேஸ் ஆனாத்தான் சார்ஜ் ஆகும். பேட்டரி, எல்லா பல்பும், ஹாரன், இக்னிஷன் காயில் இதெல்லாம் மாறியாகணும்.

12 வோல்ட் ஆனதும் ரிலே போடுங்க. டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணு. பேட்டரியில இருந்து ஃப்யூஸ் வழியா தடிமனான வயர் நேரா பல்புக்குப் போகும். பழைய ஸ்விட்ச் ரிலேவைத் தட்டி எழுப்புற வேலையை மட்டும் செய்யும், அதுக்கு கால் ஆம்பியர்கூட ஆகாது. ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும். தள்ளி வச்சா, நடுவுல வயர் உரசினா காப்பாத்த ஆள் இல்லை.

பல்பு விஷயத்துல பேராசை வேண்டாம். 60/55 ஹாலஜன், டெயில் லைட், ரெண்டு பைலட் லேம்ப், இக்னிஷன் எல்லாம் கூட்டினா 100 வாட் பக்கம் போயிடும். டிராஃபிக்ல ஊர்ந்து போற வண்டி அதைச் சம்பாதிக்காது, பேட்டரியைத்தான் தின்னும். 35/35 போதும்னு நான் சொல்வேன். டெயிலுக்கும் பைலட்டுக்கும் எல்.இ.டி. தாராளமா போடலாம், மிச்சமாகிற வாட் ஹெட்லைட்டுக்கு. ஹெட்லைட்டுக்குள்ள மலிவு எல்.இ.டி. எனக்குப் பிடிக்காது. அந்த ரிஃப்ளெக்டர் ஒரு மெல்லிய இழை இருக்கிற இடத்தைக் கணக்குப் பண்ணி வளைச்சது. ஒளி வர்ற இடம் மாறினா ரோட்டுல விழவேண்டியது எதிர்ல வர்றவன் கண்ணுல விழும்.

ரெகுலேட்டர் மாட்டுறதுக்கு முன்னாடி, உங்க வண்டியில பேட்டரியோட எந்த முனை எர்த்னு பாருங்க. பழைய பிரிட்டிஷ் வயரிங்ல பாசிட்டிவ் எர்த்தா இருக்கும், தலைகீழா கொடுத்தா எலக்ட்ரானிக்ஸ் அங்கேயே காலி. மாட்டின பிறகு எஞ்சினை சுமார் 3,000 ஆர்.பி.எம்.ல வச்சு, ஹெட்லைட்டைப் போட்டு பேட்டரியில அளங்க. 13.8-ல இருந்து 14.4-க்குள்ள நின்னா சரி. 15 தாண்டினா ரெகுலேட்டரைப் பாருங்க. 12.5-லயே நின்னா ஸ்டேட்டர் வயரை ஒவ்வொண்ணா பிடிச்சுப் போங்க, வயசான ரோட்டார்ல காந்தம் தளர்ந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு.