காம்பு போனால் காயும் போச்சு

படப்பிடிப்பு முடிந்ததும் பூசணிக்காய் உடைப்பது ஹைதராபாத்திலும் கோடம்பாக்கத்திலும் ஒரே வழக்கம்தான். என்.டி. ராமராவ் 1976-ல் ராமகிருஷ்ணா சினி ஸ்டுடியோவைத் தொடங்கிய நாச்சாரத்தில் எத்தனை காய்கள் சிதறினவோ! உடைபடும் காய் எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் கவலைப்படுவதில்லை. திருஷ்டிக்காக வாசலில் தொங்கும் காயும், சமையலறையில் காத்திருக்கும் காயும்தான் தாங்கியாக வேண்டும்.

தொங்கும் காய் அழுகினால், கண்ணேறை வாங்கிக்கொண்டது என்பார்கள். பெரும்பாலும் காரணம் வெயில், மழைநீர், கயிறு உராய்ந்த கீறல், இவைதான்.

தெலுங்கு வீடுகளில் சாம்பல் பூசணியில் வடியாலு போடுவார்கள். பொடியாக நறுக்கி, உப்பிட்டு, துணியில் கட்டிப் பாரம் வைத்து நீரை வடித்துவிட்டு, அரைத்த உளுந்தும் மிளகாயும் சேர்த்து வெயிலில் காயவைக்கிற வடகம் அது. முற்றிய காய்தான் இதற்குத் தோது. நாள்பட இருக்கக் கூடியதும் அதுவே. மேலே படியும் வெள்ளைப் பூச்சு ஒரு மெழுகு. உள்ளிருக்கும் ஈரத்தைக் காப்பது அதுதான். சுத்தம் செய்கிறேன் என்று அதைத் துடைத்தெடுப்பதைப் போன்ற வீண் வேலை வேறில்லை.

சாம்பல் பூசணியோ மஞ்சள் பரங்கியோ, காம்போடு வாங்க வேண்டும். காம்பு ஒடிந்த இடமே பூஞ்சைக்கு வாசல். காம்பைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. வெறும் தரையில் வைக்காமல் பலகை அல்லது வைக்கோல் மேல், ஒன்றையொன்று தொடாமல், காற்றோட்டமான நிழலில் வைக்கலாம். பரங்கிக்கு 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் உகந்தது. அந்தக் குளிரில் இரண்டு மூன்று மாதம் இருக்கும். மே மாத ஹைதராபாத்தில் அதற்கு வழியில்லை, ஆகவே சீக்கிரம் சமைத்துவிடுவது நல்லது. முழுக்காயைக் குளிர்பெட்டியில் நாள்கணக்கில் வைத்தாலும் குளிர் தாக்கி அழுகும்.

வாரம் ஒருமுறை காம்படியையும் அடிப்பாகத்தையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அமுங்கினாலோ நீர் கசிந்தாலோ கறுத்த குழி விழுந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ அழுகல் தொடங்கிவிட்டது. வெட்டிய பின் நார் வழவழத்தால் தயங்காமல் எறியலாம். உள்ளே விதை முளைத்திருப்பது மட்டும் நஞ்சல்ல.

கசப்புதான் உண்மையான ஆபத்து. வெளியே ஒரு குறையும் தெரியாத காயிலும் அது இருக்கலாம். பூசணிக் குடும்பத்துக் காய்களில் வரும் குக்கர்பிட்டாசின் என்ற நச்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. 2010-ல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்த ஒருவர் இறந்தார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது; கசக்கும் சாற்றைக் குடிக்கவே வேண்டாம் என்றது அந்தக் குழு. பூசணியை நறுக்கியதும் ஒரு துளி நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் கொட்டிவிடுங்கள்.